காயலாங்கடைக்கு அனுப்பிடாதீங்க அந்த இன்ஜினை

கோத்தகிரி பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்காங்க. பேர் போட வேணாம்னு சொன்னதால போடல, கடிதத்தை சுருக்கி தரேன்:

"எங்க தாத்தா எஸ்டேட்ல டீ மேக்கரா இருந்தவர். 1971ல துரை ஊருக்கு கிளம்பும்போது அவரோட 1958 மாடல் எம்ஜிஏ காரை, எம்ஜி கம்பெனியோட ரெண்டு சீட்டு இங்கிலீஷ் ஸ்போர்ட்ஸ் கார், தாத்தாகிட்ட கொஞ்ச காசுக்கு கொடுத்துட்டு போனார். நாலஞ்சு வருஷத்துல காட் ரோட்டுல இன்ஜின் ஜாம் ஆயிருச்சு, பார்ட்ஸ் கிடைக்கல, தாத்தா அம்பாசிடர் இன்ஜினை வாங்கி மாட்டிட்டார். 1996 வரைக்கும் ஓடுச்சு, அப்புறம் ஷெட்லதான். ஆர்சி புக் தாத்தா பேர்லயே இருக்கு. அதுல இன்ஜின் நம்பர் 15ஜி ன்னு ஆரம்பிக்குது. அப்பாவும் போன வருஷம் போயிட்டார், நாங்க மூணு பேர் பங்கு பிரிக்கணும். கோயம்புத்தூர்ல இருந்து வந்த புரோக்கர் அம்பாசிடர் இன்ஜின் போட்டா இது எம்ஜியே இல்லம்மா, ஏழு லட்சத்துக்கு மேல ஒரு பைசா தேறாதுங்குறார். லண்டன்ல இருக்குற சித்தப்பா பையன் நெட்ல பாத்துட்டு ஐம்பது லட்சம் போகும்ங்குறான். எது நிஜம்? இன்னொண்ணு, பழைய இன்ஜின் கோழிக்கூண்டு பக்கத்துல தார்ப்பாய் மூடி கிடக்கு, காயலாங்கடைக்காரர் நாலாயிரம் தரேங்கிறார், போட்டுடலாமா?"

தங்கச்சி, கடைசி கேள்விக்கு முதல்ல பதில். போடாதீங்க. இதை படிச்சு முடிச்சதும் ரெண்டு ஆள கூப்பிட்டு அந்த இன்ஜினை தூக்கி ஷெட்டுக்குள்ள ஒரு பலகை மேல வைங்க, மழைத்தண்ணி படாம, கோழி ஏறாம. புரோக்கர் மறுபடி வந்தா அவருக்கு அதை காட்டவே வேணாம். அவர் பாத்துட்டுத்தான் பேசாம போயிருக்கார்னு எனக்கு சந்தேகம், ஏன்னா இந்த ஏழு லட்சத்தோட கணக்கே அந்த கோழிக்கூண்டுலதான் இருக்கு. காரை அம்பாசிடர் இன்ஜின் வண்டின்னு வாங்கிட்டு, அந்த பழைய இன்ஜின் பிளாக்கை காயலாங்கடைக்காரர்கிட்ட அஞ்சாயிரத்துக்கு எடுத்து, ரெண்டையும் சேத்து வச்சா அது ஒரிஜினல் இன்ஜினோட இருக்குற எம்ஜிஏ. நீங்க வித்தது ஒரு வண்டி, அவர் விக்கப்போறது வேற வண்டி.

சரி, அம்பாசிடர் இன்ஜின் போட்டா எம்ஜியே இல்லையா? இங்கதான் புரோக்கர் பாதி உண்மை பேசுறார். உங்க 1958 மாடல், அதாவது எம்ஜிஏ 1500ல கம்பெனி போட்டு குடுத்தது பிஎம்சியோட, அதாவது எம்ஜியோட தாய்க்கம்பெனியோட, பி சீரிஸ் இன்ஜின், 1489 சிசி. நம்ம அம்பாசிடர்ல இந்துஸ்தான் மோட்டார்ஸ் உத்தர்பாராவுல வருஷக்கணக்கா போட்டதும் அதே பி சீரிஸ் குடும்பம், அதே 1489 சிசி. எம்ஜில ரெண்டு எஸ்யு கார்புரேட்டர், கம்ப்ரஷன் அதிகம், 72 குதிரைசக்தி. அம்பாசிடர்ல ஒத்தை கார்புரேட்டர், சாதுவான டியூனிங், டாக்ஸி ஓடுறதுக்குன்னு செஞ்சது. ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரி, ஒருத்தன் ஓட்டப்பந்தயக்காரன், இன்னொருத்தன் மூட்டை தூக்குறவன். உங்க தாத்தாவுக்கு இது தெரிஞ்சிருக்கு, இல்லன்னா அவருக்கு வேலை செஞ்ச மெக்கானிக்குக்கு தெரிஞ்சிருக்கு. அந்த காலத்துல இங்கிலாந்துல இருந்து ஒரு கிராங்க் வரவழைக்கிறது யாரால முடியும், கோயம்புத்தூர்ல கை நீட்டுனா அம்பாசிடர் இன்ஜின் கிடைக்கும், அதனால மலைல இருந்த இங்கிலீஷ் கார் நிறையவற்றுக்கு இதுதான் நடந்துச்சு. நான் பாத்த வரைக்கும் இதைவிட நல்ல மாற்றம் கிடையாது.

இன்ஜின் மாறுன வண்டிக்கு விலை போட வர்றவங்க எல்லாரும் என்ன இன்ஜின் போட்டிருக்குன்னு கேக்குறாங்க. நான் கேக்குறது வேற, அந்த இன்ஜினை உக்கார வைக்க வண்டில எதை வெட்டுனீங்க? ஏன்னா போல்ட்ட கழட்டுனா இன்ஜின் வெளிய வந்துரும், வெட்டுன தகடு திரும்ப வராது. குன்னூர்ல நான் பாத்த ஒரு ஸ்போர்ட்ஸ் கார்ல வேன் டீசல் இன்ஜின் மாட்டியிருந்தாங்க, மைலேஜ் கிடைக்கணும்னு. அதுக்கு முன்னாடி குறுக்குச்சட்டத்தை கேஸ் வெல்டிங்ல அறுத்து, இன்ஜினுக்கும் சீட்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்குற ஃபயர்வால் தகட்டை உள்ள தட்டி, பானட்ல ஒரு பொந்து போட்டு வச்சிருந்தாங்க. இன்ஜின் ஜோரா ஓடுச்சு. வண்டி விலை பாதிக்கு கீழ போயிருச்சு, பாவம் அந்த ஓனருக்கு கடைசி வரைக்கும் அது ஏன்னு புரியவே இல்ல, இவ்ளோ நல்ல இன்ஜின் போட்டிருக்கேனேன்னுதான் சொல்லிட்டு இருந்தார்.

உங்க வண்டில வெட்டியிருக்க வாய்ப்பு கம்மின்னு நினைக்கிறேன், ஏன்னா கடிதத்தோட நீங்க அனுப்புன போட்டோல கியர் குச்சி தரைல, குட்டையா, ரெண்டு சீட்டுக்கு நடுவுல நிக்குது. அந்த கால அம்பாசிடர்ல கியர் ஸ்டீரிங் பக்கத்துல. அதனால இன்ஜின் மட்டும்தான் மாறியிருக்கு, கியர்பாக்ஸ் எம்ஜியோடதாவே இருக்கணும். இன்னொரு விஷயமும் எழுதியிருந்தீங்க, டேஷ்போர்டுல ரெண்டு பெரிய டயல்ல ஒண்ணு தாத்தா காலத்துல இருந்தே வேலை செய்யலன்னு. அது ஆர்பிஎம் மீட்டர்தானே? எம்ஜிஏல அது வயர்ல ஓடாது, கேபிள்ல ஓடும், இன்ஜின் பின்பக்கத்துல கேம் ஷாஃப்ட்ல இருந்து ஒரு சின்ன கியர் அதை சுத்தும். அம்பாசிடர்ல அந்த மீட்டரே கிடையாதுங்கிறதால அந்த கியரும் கிடையாது. மீட்டர் கெட்டுப்போகல தங்கச்சி, சுத்திவிட ஆள் இல்லாம அம்பது வருஷமா சும்மா இருக்கு. கோழிக்கூண்டு இன்ஜினோட பின்பக்கம் பாருங்க, கேபிள் மாட்டுற மரை இருந்தா அது எம்ஜி பிளாக்தான்.

அதோட நம்பர் பிளேட்டையும் பாருங்க. டிஸ்ட்ரிபியூட்டர் இருக்குற பக்கம், பிளாக்கோட மேல்ஓரத்துல ஒரு சின்ன தகடு அடிச்சிருக்கும். அதுல 15ஜி ன்னு வந்து, பின்னாடி வர்ற நம்பர் உங்க ஆர்சி புக்ல இருக்குற நம்பரோட ஒத்துப்போச்சுன்னா உக்காந்து ஒரு காபி குடிங்க, நல்ல செய்தி அது. ஆனா தேய்க்காதீங்க. எமரி பேப்பர், டீசல், வயர் பிரஷ் எதுவும் வேணாம், ஈரத்துணியால லேசா தொடச்சு போட்டோ எடுங்க, தகட்டை அடிச்சிருக்குற ரிவெட்டும் போட்டோல தெரியணும். இதை ஏன் சொல்றேன்னா, பன்னெண்டு வருஷம் முன்னாடி ஒரு எம்ஜிக்கு நான் ஒரிஜினல் இன்ஜின்னு எழுதி கையெழுத்து போட்டு கொடுத்துட்டேன், நம்பர் எல்லாம் ஒத்துப்போச்சு. வாங்குனவரோட மெக்கானிக், இருபத்தஞ்சு வயசு பையன், வந்து பாத்துட்டு சார் இந்த ரிவெட் பாப் ரிவெட் சார்னான். நடுவுல ஓட்டை இருக்குற அலுமினிய ரிவெட், போர்டு ஆணி அடிக்கிற கடைல கிடைக்குமே அது. யாரோ ஒரிஜினல் தகட்டை பேத்து வேற பிளாக்ல அடிச்சிருக்காங்க. வாங்குன ஃபீஸை திருப்பி கொடுத்தேன், அந்த பையன் கண்ணை பாத்து பேச ரொம்ப நாள் ஆச்சு. அன்னைல இருந்து நம்பரை அப்புறம்தான் படிப்பேன், முதல்ல ரிவெட்.

ஆர்சியும் பிளாக்கும் ஒத்துப்போனாலும், கம்பெனில இருந்து இந்த இன்ஜினோடதான் இந்த கார் வந்துச்சுன்னு சொல்ல ஒரு காகிதம் உண்டு. இங்கிலாந்துல கேடன்ங்குற ஊர்ல பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் இருக்கு, எம்ஜி ஃபேக்டரியோட பழைய ரெஜிஸ்டர் எல்லாம் அவங்ககிட்ட இருக்கு. சேஸ் நம்பரை அனுப்பி ஃபீஸ் கட்டுனா ஹெரிடேஜ் சர்டிபிகேட்னு ஒண்ணு தருவாங்க, என்னைக்கு செஞ்சது, என்ன கலர், இன்ஜின் நம்பர் என்ன, எந்த நாட்டுக்கு போச்சு எல்லாம் இருக்கும். உங்க சித்தப்பா பையன் லண்டன்லதானே இருக்கார், ஐம்பது லட்சம்னு சொல்றதுக்கு பதிலா இந்த வேலையை செய்ய சொல்லுங்க. சேஸ் நம்பர் பானட்ட தூக்குனா பின்பக்க தகட்டுல ஒரு பிளேட்ல இருக்கும், 1500 ஓபன் காரா இருந்தா எச்டி ன்னு ஆரம்பிக்கும், கூரை வச்ச கூபேன்னா எச்எம்.

இப்போ விலை. ரூபால நான் சொல்லமாட்டேன், வண்டிக்கு அடியில படுத்து பாக்காம சொல்றவன் ஜோசியக்காரன். ஆனா கணக்கு எப்படி போடுறதுன்னு சொல்றேன். எல்லாம் ஒரிஜினல், துரு இல்ல, பேப்பர் சுத்தம், ஓடுற நிலைல இருக்குற அதே மாடல் நூறு ரூபான்னு வச்சுக்குங்க. ஒண்ணும் வெட்டாம அதே குடும்பத்து இன்ஜின் மாறியிருந்தா நான் எண்பது போடுவேன். பழைய பிளாக் ஜாம் ஆயிருந்தாலும் பரவால்ல, நம்பர் தகட்டோட வண்டி கூட வந்தா அது தொண்ணூறு, தொண்ணூத்தி ரெண்டு. சம்பந்தமே இல்லாத டீசல் இன்ஜின் போட்டு வெட்டியிருந்தா அம்பதை தாண்டாது. இது என் கணக்கு, இன்னொரு வேல்யூவர் அஞ்சு பத்து மாத்தி சொல்வார், சண்டை போடமாட்டேன். ஆனா இன்ஜின் மாறுனதாலயே பாதி போச்சுன்னு யாராவது சொன்னா அவர் வாங்க வந்தவர்னு புரிஞ்சுக்குங்க.

உங்களுக்கு நிஜமா பயம் இருக்க வேண்டியது துரு. நம்ம மலைல ரெண்டு மழைக்காலம், மத்த நாள்ல பனிமூட்டம், முப்பது வருஷமா ஷெட்ல நின்னிருக்கு. எம்ஜிஏ தனி சேஸ் வண்டி, அது கெட்டியானதுதான், ஆனா கதவுக்கு கீழ ஓடுற பாகம், கதவு மாட்டுற தூண், முன்சக்கரத்துக்கு பின்னாடி சேறு வந்து அடிக்கிற மூலை, சீட்டுக்கு பின்னாடி பேட்டரி உக்காந்திருக்குற கூடை, இதெல்லாம் உள்ளேயே அரிச்சு போயிரும், வெளிய பெயிண்ட் பளபளன்னு இருக்கும். ஒரு ஸ்க்ரூடிரைவரோட பின்பக்கத்தால தட்டிக்கிட்டே போங்க, டிங் டிங்னு வந்தா தகடு, டொப்புன்னு வந்தா உள்ள பட்டி பூசியிருக்கு, இல்லன்னா துரு. கால் வைக்கிற தரை ஒட்டுப்பலகை, அது கம்பெனியே அப்படி செஞ்சது, உளுத்துப்போயிருந்தா பயப்படாதீங்க, எந்த ஆசாரியும் ஒரு நாள்ல வெட்டி கொடுப்பார். அந்த பலகையை தாங்குற இரும்பு சட்டம்தான் விஷயம்.

அப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒட்டுற காந்தம் ஒண்ணு எடுத்துட்டு போங்க. எம்ஜிஏல பானட், டிக்கி மூடி, கதவோட வெளித்தகடு எல்லாம் அலுமினியம், காந்தம் ஒட்டாம கீழ விழணும். கதவுல கப்புன்னு ஒட்டுச்சுன்னா எப்பவோ யாரோ இடிச்சு, இங்கயே இரும்பு தகடுல டிங்கரிங் செஞ்சிருக்காங்கன்னு அர்த்தம். மட்கார்டுல இதுக்கு நேர்மாறா நடக்கணும், அது இரும்பு, அங்க ஒட்டலன்னா உள்ள ஒரு இன்ச்சுக்கு பட்டி. பத்து ரூபா காந்தம், அஞ்சு நிமிஷம், எந்த புரோக்கரும் இதை உங்களுக்கு சொல்லமாட்டார். சேஸும் தூணும் அரிச்சிருந்தா நூறுல முப்பது அங்கேயே போயிரும், இன்ஜினை விட அதிகம்.

பேப்பர் விஷயம் கொஞ்சம் கவனமா கேளுங்க. ஆர்சில ஒரு இன்ஜின் நம்பர், வண்டிக்குள்ள வேற இன்ஜின், இது மோட்டார் வாகன சட்டம் பிரிவு 52 வர்ற இடம், ஆர்சில இருக்குற விவரத்தோட வண்டி ஒத்துப்போகணும். தாத்தா மாத்துனப்போ ஆர்டிஓ ஆபீஸ்ல எழுதி வாங்கலன்னு தெரியுது. இதை மறைச்சு வித்தா நாளைக்கு வாங்குனவர் உங்க வாசல்ல நிப்பார், எழுதி வித்தா நிக்கமாட்டார், அவ்ளோதான். விக்கிற ஒப்பந்தத்துலயே, வண்டில இருப்பது அம்பாசிடர் இன்ஜின், ஆர்சில உள்ள நம்பரோட பழைய இன்ஜின் கழட்டுன நிலைல கூட தரப்படுதுன்னு ஒரு வரி போட்டுருங்க.

2021ல மத்திய அரசு விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டு வந்துச்சு, முதல் ரெஜிஸ்ட்ரேஷன்ல இருந்து அம்பது வருஷம் தாண்டுன சொந்த உபயோக வண்டிக்கு. புதுசா ரெஜிஸ்டர் பண்ண இருபதாயிரம், பத்து வருஷம் செல்லும், அப்புறம் புதுப்பிக்க அஞ்சாயிரம். ஏற்கனவே ரெஜிஸ்டர் ஆன வண்டி பழைய நம்பரையே வச்சுக்கலாம், உங்க வண்டியோட பழைய மெட்ராஸ் நம்பர் போகாது, அதுக்கே ஆசைப்படுற ஆள் இருக்காங்க. ஆனா இந்த விதில ஒரு நிபந்தனை, சேஸ், பாடி, இன்ஜின் இதுல பெரிய மாற்றம் எதுவும் இல்லாம ஒரிஜினல் வடிவத்துல இருக்கணும். இப்போ புரியுதா கோழிக்கூண்டு இன்ஜின் எதுக்குன்னு? அம்பாசிடர் இன்ஜினோட போய் நின்னா இன்ஸ்பெக்டர் கேள்வி கேப்பார். அந்த பழைய பிளாக் சரியாகி உள்ள உக்காந்தா ஆர்சி, இன்ஜின், விதி மூணும் ஒரே கோட்டுல வந்துரும். விண்டேஜ்ல போட்டா தினமும் மார்க்கெட்டுக்கு ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்குன்னுதான் எடுக்கலாம், அதை வாங்குறவர் பாத்துக்கட்டும்.

எல்லாத்துக்கும் முன்னாடி வண்டி உங்க பேருக்கு வரணும். ஓனர் இறந்துட்டா வாரிசு படிவம் 31 கொடுத்து மாத்தணும், மூணு மாசத்துக்குள்ள செய்ய வேண்டியது, உங்களுக்கு ரெண்டு தலைமுறை தாண்டிருச்சு. தாத்தாவோட வாரிசு சான்றிதழ், அப்பாவோட வாரிசு சான்றிதழ் ரெண்டும் வேணும், அத்தை சித்தப்பா எல்லாம் கையெழுத்து போடணும், அதாவது ஐம்பது லட்சம்னு சொல்ற பையனோட அப்பாவும் பங்குக்காரர்தான், அதை மனசுல வச்சுக்கிட்டு பேசுங்க. கையால எழுதுன பழைய புக்கா இருந்தா கம்ப்யூட்டர்ல ஏத்தவும் சொல்லணும். ஊட்டி ஆர்டிஓ ஆபீஸ்க்கு ரெண்டு மூணு நடை ஆகும்னு இப்பவே நினைச்சுக்குங்க. வாரிசு பேப்பர் இல்லாம விக்கிற வண்டிக்கு நான் நூறுக்கு நாப்பது கூட போடமாட்டேன், அது எவ்ளோ ஒரிஜினலா இருந்தாலும்.

சித்தப்பா பையன் நெட்ல பாத்தது கேக்குற விலை, வித்த விலை இல்ல. அதுவும் இங்கிலாந்துல முழுசா பிரிச்சு கட்டுன வண்டிக்கு. பவுண்டை ரூபாயால பெருக்குனா கார் விலை வந்துராது. எம்ஜிஏ மொத்தம் ஒரு லட்சத்து சொச்சம் செஞ்சாங்க, 1955ல இருந்து 1962 வரைக்கும், பெரும்பாலும் அமெரிக்காவுக்கு போச்சு, உலக கணக்குல இது அபூர்வமான கார் இல்ல. ட்வின் கேம் மாடல்தான் அபூர்வம், 2,111தான் செஞ்சாங்க, உங்களோடது அது இல்ல. ஆனா இந்தியால எம்ஜிஏ எண்ணிக்கை கம்மி, மலையை விட்டு இறங்காம ஒரே குடும்பத்துல அம்பது வருஷம் இருந்ததுன்னா அதுக்குன்னு ஒரு மதிப்பு உண்டு. துரை கொடுத்த சீட்டு, பழைய பெட்ரோல் பில், தாத்தா கார்ல சாஞ்சு நிக்கிற போட்டோ ஏதாவது இருந்தா பீரோல தேடி எடுங்க, அதெல்லாம் நூறுக்கு மேல போற காசு.

இன்ஜினை சரி பண்ணி வித்தா இன்னும் கூட வருமான்னு அடுத்து கேப்பீங்க. வேணாம். போர், ஸ்லீவ், கிராங்க் அரைக்கிறது எல்லாம் கோயம்புத்தூர் லேத்ல நல்லாவே செய்வாங்க, ஆனா எம்ஜிக்குன்னு பிஸ்டன் வரவழைக்காம அம்பாசிடர் பிஸ்டனை போட்டு கட்டிருவாங்க, அளவு ஒண்ணுதான், கம்ப்ரஷன்தான் இறங்கிரும், அப்புறம் வாங்குறவர் மறுபடி பிரிக்கணும். இந்த மாதிரி வண்டி வாங்குறவர் தன் கையால பிரிக்கத்தான் ஆசைப்படுவார், நீங்க செலவு பண்ணுன காசை தரமாட்டார்.

வண்டிக்குள்ள இருக்குற அம்பாசிடர் இன்ஜினையும் ஸ்டார்ட் பண்ணி காட்டணும்னு உங்க தம்பி துடிக்கிறார்னு எழுதியிருந்தீங்க. கொஞ்சம் பொறுக்க சொல்லுங்க. முதல்ல பிளக்கை கழட்டி ஒவ்வொரு ஓட்டைலயும் ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் ஊத்தி ரெண்டு நாள் விடட்டும், அப்புறம் முன்பக்க புல்லியை ஸ்பானர் போட்டு கையால சுத்தி பாக்கட்டும், இளகிச்சுன்னாதான் பேட்டரி. பேட்டரி மாட்டுறதுக்கு முன்னாடி எந்த கம்பி பாடில போகுதுன்னு பாக்கணும், எம்ஜிஏ ஒரிஜினலா பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியோட பாசிட்டிவ்தான் பாடில போகும், தாத்தாவோட மெக்கானிக் மாத்துனாரா இல்லையான்னு யாருக்கும் தெரியாது, வழக்கம்போல நெகட்டிவை பாடில மாட்டுனா டைனமோ கட்அவுட் எல்லாம் புகையும். ஓடுன அப்புறம் யாராவது சிலிண்டர் அழுத்தத்தை அளக்குற கம்ப்ரஷன் கேஜ் வச்சு நூத்தி இருபதுதான் காட்டுது, இன்ஜின் போச்சுன்னு விலையை குறைச்சா, நீங்க இருக்குறது கிட்டத்தட்ட ஆறாயிரம் அடி உசரம்னு ஞாபகப்படுத்துங்க. காத்தே இங்க கம்மி, கீழ மேட்டுப்பாளையத்துல நூத்தம்பது காட்டுற இன்ஜின் நம்ம ஊர்ல நூத்தி இருபதுதான் காட்டும். இந்த ஒரு விஷயத்துல மலை வண்டிகளை சமவெளி ஆளுங்க ரொம்ப நாளா ஏமாத்திட்டு இருக்காங்க. அதே மாதிரி ஹீட் ஆகுறதை இங்க குளிர்ல ஓட்டி பாத்து ஒண்ணும் சொல்ல முடியாது, குஞ்சப்பனை வழியா இறங்கி வெயில்ல கொஞ்ச நேரம் நிறுத்திட்டு திரும்ப ஏறி வரணும், அப்போ தெரியும் ரேடியேட்டரோட யோக்கியதை.

விலை முடிவானா இன்சூரன்ஸ்காரரும் ஒரு நம்பர் கேப்பார். அஞ்சு வருஷம் தாண்டுன, உற்பத்தி நின்ன வண்டிக்கு ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ்ல வண்டிக்கு போடுற மதிப்பு, அதுக்கு டேபிள் கிடையாது, நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்குற தொகைதான். வாங்குறவருக்கு இது உதவும், அதனால வேல்யூவேஷன் ரிப்போர்ட்ல பழைய பிளாக்கோட போட்டோவும் சேரணும்.

போட்டோ மூணு வேணும் எனக்கு. கோழிக்கூண்டு இன்ஜினோட தகடு ரிவெட்டோட, பானட்டுக்குள்ள சேஸ் பிளேட், டிரைவர் பக்க கதவை திறந்து வச்சு கீழ்மூலை. அதை பாத்துட்டு ரூபால பேசலாம், தேவைப்பட்டா ஒரு ஞாயித்துக்கிழமை நானே வரேன், குன்னூர்ல இருந்து என்ன தூரம். அதுவரைக்கும் காரை கழுவ வேணாம், பாலிஷும் போட வேணாம், தூசி அப்படியே இருக்கட்டும்.